டர்போவை வாங்க முன் பெற்றோலைக் கணக்கிடுங்கள்

வாகனப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

தொண்ணூறுகளின் ஜப்பான் கார்களுக்கு டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) பூட்டுவது பற்றி இம்முறை ஒரு கட்டுக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. ஆகவே இந்த இதழ் முழுவதும் அதுதான். கார்புரேட்டர் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் 1997 ஹொண்டா சிவிக் ஈ.கே.4 இருக்கிறது. பி16ஏ எஞ்சின், மெனுவல் கியர். தினமும் அதில்தான் கோட்டைக்கு வேலைக்குப் போகிறேன். டர்போ பூட்டி ஒரு பார் பூஸ்ட் வைத்தால் 300 குதிரைவலு வரும் என்கிறார் ஒரு கூட்டாளி. எங்கிருந்து தொடங்க வேண்டும்? ஏ.சீ.யைக் கழற்ற எனக்கு மனமில்லை.
– வாசகர், வெள்ளவத்தை

இப்போதிருக்கும் எஞ்சினோடு 300 வேண்டாம். 230 என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் டர்போ அல்ல, ஷெட்டில் நீங்கள் நிரப்பும் பெற்றோல்.

உங்கள் பி16ஏ 1595 சீ.சீ., போர் 81 மி.மீ., ஸ்ட்ரோக் 77.4 மி.மீ., கொம்ப்ரஷன் விகிதம் 10.4. டர்போ இல்லாமல் 7800 ஆர்.பி.எம்.மில் 170 குதிரைவலு எடுப்பதற்காக ஹொண்டா அந்த விகிதத்தை வைத்தது. ஏற்கெனவே பத்து மடங்குக்கு மேல் நெருக்கப்படும் காற்றுக்குள் டர்போ இன்னும் காற்றைத் திணிக்கும்போது சிலிண்டருக்குள் அமுக்கமும் சூடும் சேர்ந்தே ஏறும். பிளக் மூட்டிய தீ வந்து சேர முன்பே மூலையில் மிஞ்சியிருக்கும் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். அதுதான் நொக். அதன் அடி முதலில் விழுவது பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய விளிம்பில். வார்ப்புப் பிஸ்டனில் அந்த விளிம்பு ஒரே நல்ல நொக்கில் உடைந்துவிடும். ஒக்டேன் 95 ஊற்றினால் இந்த எஞ்சினுக்கு 0.5 பார் பூஸ்ட்தான் (டர்போ கூட்டித் தரும் காற்றமுக்கம்) மேல் எல்லை என்று வைத்துத் திட்டமிடுங்கள். ஒக்டேன் 92 ஊற்றுவதாக இருந்தால் டர்போ யோசனையையே விட்டுவிடலாம்.

0.5 பார் என்றால் எஞ்சினுக்குள் போகும் அமுக்கம் ஒன்றரை மடங்கு. 170ஐ 1.5ஆல் பெருக்கினால் 255. சூட்டுக்கும் பின்தள்ளப்பட்ட இக்னிஷன் டைமிங்குக்கும் (பிளக் தீ மூட்டும் நேரம்) பத்து வீதம் கழித்தால் 230 அளவில் வந்து நிற்கும். இனி வாங்கும் ஒவ்வொரு பாகத்தையும் இந்த 230ஐ வைத்தே தெரிவு செய்ய வேண்டும்.

அடுத்தது சூடு. எஞ்சின் அறையில் 40 பாகை இருக்கும் காற்றை 0.5 பாருக்கு அமுக்கினால், 70 வீதத் திறனுள்ள டர்போ கொம்ப்ரசரிலிருந்து (காற்றை அமுக்கும் பக்கம்) அது ஏறத்தாழ 95 பாகையில் வெளிவரும். 0.8 பாரென்றால் 120 பாகையைத் தாண்டும். வெளியே 33 பாகை இருக்கும் ஒரு கொழும்பு மத்தியானத்தில் ஓரளவு நல்ல இன்டர்கூலர் (அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் பகுதி) அந்த 95ஐ 50–52க்கு இறக்கித் தரும். ஆனால் பம்பலப்பிட்டிச் சந்தியில் பத்து நிமிடம் நின்றுவிட்டுப் புறப்படும்போது இன்டர்கூலரே சூடேறிப்போயிருக்கும். அப்போது அக்சிலேற்றரை முழுதாக மிதித்தால், டைனோவில் (சக்கரத்தை உருளையில் ஓடவிட்டு வலு அளக்கும் மேடை) ஒழுங்காக ஓடிய அதே மெப்பிலேயே (பெற்றோலையும் டைமிங்கையும் தீர்மானிக்கும் அட்டவணைகள்) எஞ்சின் நொக் அடிக்கும். ஆகவே இன்டேக் காற்றின் வெப்பநிலையைப் பார்த்து டைமிங்கைக் குறைக்கும் அட்டவணை உங்கள் மெப்பில் கட்டாயம் நிரப்பப்பட்டிருக்க வேண்டும். காற்று 50 பாகைக்கு மேல் சூடானால் டைமிங்கில் 2 பாகை, 60க்கு மேல் 4 பாகை குறைப்பதிலிருந்து தொடங்கலாம். குளிர்நாட்டுக் காரொன்றின் மெப்பை அப்படியே வாங்கி ஏற்றிவிட்டு எஞ்சினைத் தொலைப்பவர்கள் இந்த அட்டவணையில்தான் மாட்டுப்படுகிறார்கள்.

ஏ.சீ. விடயம். பி16ஏயில் எக்ஸோஸ்ட் பக்கம் முன்னால், ரேடியேற்றரைப் பார்த்தபடி இருக்கிறது. ஏ.சீ. கொம்ப்ரசரும் அதே பக்கத்தில், மெனிபோல்ட்டுக்குக் கீழே. மலிவான கிட்கள் பலவற்றில் டர்போ வந்து உட்காருவது அந்தக் கொம்ப்ரசரின் இடத்தில்தான். வாங்க முன் ‘ஏ.சீ. இருக்குமா’ என்று கேட்டு, அளந்தும் பாருங்கள். டர்போவை மேலே தூக்கி வைக்கும் மெனிபோல்ட்டே உங்களுக்குச் சரி. அப்படி வைத்தால் ரேடியேற்றர் ஃபேனுக்கு இடம் போதாமல் போகும். மெல்லிய ஃபேனும், இரட்டை வரிசை அலுமினிய ரேடியேற்றரும், 1.1 பார் மூடியும் போடுங்கள். குழாய்த் தண்ணீரை விட்டுவிட்டு கூலன்ட்டும் வடித்த நீரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள்.

பெற்றோல் விநியோகத்தை இப்படிக் கணக்கிடலாம். டர்போ எஞ்சின் ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு 270 கிராம் அளவில் குடிக்கும். 230 குதிரைவலுவுக்கு 62 கிலோ, அதாவது மணிக்கு 84 லீற்றர், நிமிடத்துக்கு 1400 சீ.சீ. நான்காகப் பிரித்தால் ஒரு இன்ஜெக்டருக்கு 350. இன்ஜெக்டரை 80 வீதத்துக்கு மேல் திறந்து வைக்கக்கூடாது என்பதால் 440 வேண்டும். உங்கள் காரில் இருப்பது 240 சீ.சீ. அளவினது. 550 சீ.சீ. வாங்கினால் கையிருப்பும் இருக்கும், ஐட்லிங்கும் கெடாது. 1000 சீ.சீ. தேவையில்லை. ஐட்லிங்கில் கலவையை நிதானப்படுத்துவதும் புகைப் பரிசோதனையில் தேறுவதும் அதன் பிறகு பெரும்பாடு.

பம்புக்கு மணிக்கு 255 லீற்றர் வகை தாராளம். வோல்ப்ரோ பெயரில் போலி நிறைய ஓடுகிறது. பெட்டியைப் பார்த்து நம்பாமல், பூட்டிய பிறகு 3.5 பார் அமுக்கத்தில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் வருகிறது என்று அளவுப் பாத்திரத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு லீற்றருக்குக் குறையக்கூடாது. பம்புக்குப் போகும் பழைய வயரில் வோல்ட் இறங்குவதும் வழமை. பற்றரியிலிருந்து நேரே தடித்த வயர், 20 அம்பியர் ஃபியூஸ், ஒரு ரிலே. அவ்வளவுதான் வேலை.

ஈ.கே. சிவிக்கின் ஓ.பி.டி.2 தலைமுறை ஈ.சீ.யு.வுக்குள் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) புதிய மெப் எழுத வழியில்லை. வழக்கமாகச் செய்வது, பழைய ஓ.பி.டி.1 காலத்து பி28 அல்லது பி30 பெட்டியை இடைவயரிங்கோடு பூட்டி, அதற்குள் ஹொண்டேட்டா எஸ்300 போன்ற பலகையைப் போடுவது. தனி ஈ.சீ.யு. போடுவதானால் இன்னும் நல்லது. பெற்றோல் அமுக்கத்தை மட்டும் ஏற்றிவிடும் பழைய பாணி ரெகுலேற்றரை யாராவது மலிவு என்று தந்தால் வாங்க வேண்டாம். அது பெற்றோலைக் கூட்டும், டைமிங்கைத் தொடாது. நொக்குக்கு மருந்து டைமிங்கில்தான் இருக்கிறது.

மெப் தொடக்கத்தில் பூஸ்டின் ஒவ்வொரு 0.1 பாருக்கும் 1.5 பாகை டைமிங் பின்தள்ளுங்கள். முழுப் பூஸ்டில் காற்று–பெற்றோல் விகிதம் 11.5 முதல் 11.8க்குள் நிற்க வேண்டும். காரோடு வந்த ஒட்சிசன் சென்சர் 14.7ஐச் சுற்றித்தான் சரியாகச் சொல்லும், இந்த வேலைக்கு உதவாது. வைட்பேண்ட் சென்சரை டர்போவுக்குப் பின்னால் அரை மீற்றர் அளவில், தண்ணீர் தேங்காதபடி மேல்நோக்கிச் சாய்த்துப் பூட்டுங்கள். பிளக் ஒரு படி குளிர்ந்தது. என்.ஜீ.கே.யில் 6 இருந்த இடத்தில் 7. இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. பழைய 1.1ஐ அப்படியே விட்டால் பூஸ்ட் ஏறும்போது தீப்பொறி அணைந்து எஞ்சின் இருமும். பலர் அதைப் பெற்றோல் போதாமை என்று நினைத்து இன்னும் பெற்றோலைக் கூட்டி, பிளக்கைக் கரியாக்குவார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முதல் ஒரு கொம்ப்ரஷன் டெஸ்ட். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்குள் இருக்க வேண்டும். அதன்பின் சிலிண்டருக்குள் காற்றடித்து ஒழுக்கை அளக்கும் லீக்டவுன் டெஸ்ட். பத்து வீதத்துக்கு மேல் காற்றுப் போனால் டர்போவுக்கு வைத்த காசை எஞ்சினுக்குப் போடுங்கள். எஞ்சினைத் திறக்கும் நிலை வந்தால் உங்கள் கூட்டாளியின் 300 கைக்கெட்டும் தூரத்துக்கு வரும்: 9க்கு அண்மிய விகிதத்தில் ஃபோர்ஜ்ட் பிஸ்டன் (வார்க்காமல் அடித்து உருவாக்கியது), நல்ல ரொட், மேல் ரிங்கின் இடைவெளி 0.40 முதல் 0.45 மி.மீ. இந்த இடைவெளியை லேத் பாஸிடம் எழுத்தில் கொடுங்கள். டர்போ இல்லாத எஞ்சினுக்கான அளவில் ரிங் போட்டால், சூட்டில் அதன் இரு நுனியும் முட்டிப் பிஸ்டனையே பிய்த்துவிடும்.

சின்னச் சின்ன வோல்வுகளை மறக்காதீர்கள். பி.சீ.வி. வோல்வ் (கிராங்க் அறைப் புகையை இன்டேக்குக்குள் விடும் ஒருவழி வோல்வ்) பழசாகி இருபக்கமும் காற்று விட்டால் பூஸ்ட் நேரே கிராங்க் அறைக்குள் போய் ஒயில் சீல்களைத் தள்ளும். பிரேக் பூஸ்டர் ஹோஸில் இருக்கும் ஒருவழி வோல்வ் பழுதானால் பிரேக் மிதி கல்லாகிவிடும். இரண்டையும் வாயால் ஊதிப் பார்த்தாலே தெரியும். இன்டேக் வழி முழுவதையும், டர்போ வாயில் பி.வி.சி. மூடி போட்டு, அதில் ரயர் வோல்வ் ஒன்று பொருத்தி, 0.7 பார் காற்றடித்துச் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். முதல் தடவையிலேயே ஒழுகாத கார் அபூர்வம்.

கிளட்ச் தேவைதான். முறுக்குவிசை 16 கிலோகிராம் மீற்றரிலிருந்து 24 அளவுக்கு ஏறும், பழையது வழுக்கும். இறுக்கமான பிரஷர் பிளேட்டும் சாதாரண ஓர்கானிக் டிஸ்கும் எடுங்கள். ஆறு துண்டு செராமிக் டிஸ்க் காலி வீதி நெரிசலில் உங்கள் இடக்காலுக்குத் தண்டனை.

டியூனிங் டைனோவில்தான். வீதியில் செய்து தருகிறேன் என்பவரிடம் ஒரு கணக்குச் சொல்லுங்கள்: இந்தக் காரில் மூன்றாம் கியரில் 7000 ஆர்.பி.எம். என்றால் மணிக்கு 120 கிலோமீற்றர். தெற்கு அதிவேக வீதியிலேயே எல்லை 100தான்.

பஞ்சிகாவத்தைப் பழைய உதிரிப்பாகக் கடைகளில் வான் ஒன்றின் டீசல் டர்போ மலிவாகக் கிடைக்கிறது. 1600 சீ.சீ. பெற்றோல் எஞ்சினுக்குப் போடலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

கொம்ப்ரசர் பக்கத்தைப் பார்த்தால் சரிபோலத்தான் தெரியும். 3 லீற்றர் டீசல் 4000 ஆர்.பி.எம்.மில் இழுக்கும் காற்றும் 1.6 லீற்றர் பெற்றோல் 7000இல் இழுக்கும் காற்றும் கிட்டத்தட்ட ஒன்று. ஏமாற்றுவது புகையால் சுழலும் டர்பைன் பக்கம். டீசலின் புகை முழுச் சுமையில் 700–750 பாகை, பெற்றோலினது 900ஐத் தாண்டும். அந்தச் சூட்டுக்கென வார்க்கப்படாத வீட்டில் (டர்பைனின் வெளிக்கூடு) வேஸ்ட்கேட் (மிஞ்சும் புகையை டர்பைனுக்குப் போகாமல் கடத்திவிடும் கதவு) இருக்கையிலிருந்து வெடிப்பு ஓடும். சூடான புகைக்குக் கனவளவும் கூட. டீசலுக்காகச் சிறிதாக வைத்த டர்பைன் அதை வெளியே விடாமல் அடைத்துப் பிடிக்கும். கீழ் ஆர்.பி.எம்.மில் துள்ளும், 5000க்கு மேல் மூச்சுப் பிடிக்கும், சிலிண்டருக்குள் எரிந்த புகை தங்கி நொக் வரும். வேண்டாம்.

அதே கடைகளில் பெற்றோல் கார்களின் டர்போவும் கிடைக்கிறது. 200–230 குதிரைவலுவுக்கு மிட்சுபிஷி டி.டி.04எச்.எல்.-15டி, நிசான் சில்வியா எஸ்15இன் பால் பேரிங் டி28, கரெட் ஜீ.டி.2560ஆர் போன்ற அளவுகள் பொருந்தும். டி.டி.05எச்.-16ஜீ உங்களுக்குக் கொஞ்சம் பெரிது, தாமதமாக விழிக்கும், ஆனாலும் கெடுதியில்லை. கடை வாசலிலேயே சோதியுங்கள். தண்டை மேலும் கீழும் அசைத்தால் சிறிது ஆட்டம் இருக்கலாம், ஒயில் இல்லாத புஷ் பேரிங்கில் அது இயல்பு. முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளும்போது கைக்கு ஆட்டம் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். விரலால் ஓரமாக அழுத்திச் சுற்றும்போது இலைகள் வீட்டுச் சுவரில் உரசக்கூடாது. கொம்ப்ரசர் இலைகளின் முன்விளிம்பு அரம் போல் பல்லாகியிருந்தால் அந்தக் கார் ஃபில்டர் இல்லாமல் ஓடியது. டர்பைன் வீட்டில் மயிரிழை வெடிப்பு பரவாயில்லை, மறுபக்கம் வெளிச்சம் தெரியும் வெடிப்பு கூடாது. உள்ளே தடவிய புது ஒயில் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். காய்ந்த கறை எதையும் மறைக்காது.

ஏ.ஈ.111 லெவின், பிளக்டொப் 20 வோல்வ் எஞ்சின். கொம்ப்ரஷனைக் குறைக்கத் தடித்த ஹெட் கேஸ்கட் போட்டு டர்போ பூட்டலாம் என்று கராஜில் சொல்கிறார்கள்.
– வாசகர், தெஹிவளை

தடித்த கேஸ்கட் விகிதத்தைக் குறைப்பது உண்மை. கூடவே, பிஸ்டன் மேலே வரும்போது விளிம்புக் காற்றை நசுக்கி நடுவுக்குத் தள்ளும் அந்த ஒடுங்கிய இடைவெளியையும் திறந்துவிடும். கலவை மெதுவாக எரியும், நொக் குறைவதற்குப் பதில் சில வேளை கூடும். 11 விகிதத்தை 9க்கு இறக்குமளவு கேஸ்கட்டை நம்புவது முறையல்ல.

அந்த எஞ்சினின் சிறப்பே நான்கு தனித் த்ரொட்டில்களும் மேல் ஆர்.பி.எம். பாட்டும்தான். டர்போவுக்கு அவற்றைக் கழற்றிவிட்டு ஒரு பொதுப் பிளீனம் செய்ய வேண்டும். 165 குதிரைவலுவுக்காகக் காசு கொடுத்து வாங்கிய பகுதியைக் கழற்றி மூலையில் வைப்பது எங்கள் பார்வையில் வீண். டர்போதான் வேண்டுமென்றால் ஏழு விலா புளொக் உள்ள 16 வோல்வ் 4ஏ-ஜீஈயைத் தேடி, சூப்பர்சார்ஜர் பூட்டி வந்த 4ஏ-ஜீஸட்ஈயின் பிஸ்டன்களைப் போடுங்கள். அவை ஃபோர்ஜ்ட், பிந்திய வகையில் விகிதம் 8.9. ஏழு விலா புளொக்கின் ரொடில் பின் 20 மி.மீ., அதனால் பொருந்தும். பழைய மூன்று விலா எஞ்சினின் ரொடில் 18 மி.மீ. பின், அதற்குப் போகாது. அதே பிஸ்டன்களை உங்கள் 20 வோல்வ் ஹெட்டுக்குக் கீழே அப்படியே போடவும் முடியாது. மேலே உள்ள குழிகள் நான்கு வோல்வுக்கு வெட்டப்பட்டவை.

ஈ.பி.82 ஸ்டார்லெட், சாதாரண 4ஈ-எஃப்ஈ எஞ்சின். இதற்கே டர்போ பூட்டவா, 4ஈ-எஃப்டிஈ எடுத்து மாற்றவா?
– வாசகர், வத்தளை

மாற்றுங்கள். இரண்டும் 1331 சீ.சீ. உங்களுடையது 9.6 விகிதம், டர்போ எஞ்சின் 8.2. பிஸ்டன், இன்ஜெக்டர், ஈ.சீ.யு. எல்லாம் டொயோட்டாவே 135 குதிரைவலுவுக்குப் பொருத்தித் தந்தது. அதையே கராஜில் துண்டு துண்டாகச் சேர்க்கப் போனால் செலவு கூடும், ஒழுங்கு குறையும். எஞ்சினை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். வயரிங், ஈ.சீ.யு., இன்டர்கூலர், கியர்பொக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், எக்ஸோஸ்ட்டின் முன் துண்டு எல்லாம் ஒரே காரிலிருந்து ஒரே தடவையில் எடுங்கள். இல்லாவிட்டால் பிறகு ஒரு சென்சர் சொக்கட்டுக்காக வாரக்கணக்கில் அலைய நேரும். டைமிங் பெல்ட், வோட்டர் பம்ப், ஒயில் சீல்கள் மூன்றையும் எஞ்சின் தரையில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

டர்போ பூட்டி மூன்று மாதம். ஓடும்போது சரி. சிக்னலில் நின்றால் நீலப் புகை. டர்போ சீல் போய்விட்டது என்று கராஜில் வேறு டர்போ போட்டார்கள். அதுவும் அதே புகை. இப்போது மூன்றாவது வாங்கச் சொல்கிறார்கள்.
– வாசகர், மட்டக்குளி

வாங்க வேண்டாம். இரண்டு டர்போ ஒரே விதமாகப் புகைத்தால் குற்றம் பெரும்பாலும் டர்போவில் இல்லை, ஒயில் திரும்பிப் போகும் வழியில்.

டர்போவின் சீல் என்பது ரப்பர் அல்ல, பிஸ்டன் ரிங் போன்ற உலோக வளையம். தண்டு சுழலும் நடுக்கூட்டில் ஒயில் தேங்காமல் இருக்கும்வரை மட்டுமே அது தடுக்கும். ஒயில் அமுக்கத்தோடு உள்ளே வருகிறது, வெளியே போவதோ வெறும் இறக்கத்தில். ஆகவே கீழ்க்குழாயின் உள்விட்டம் 12 மி.மீ.க்குக் குறையக்கூடாது, 16 இருந்தால் நல்லது. வழி முழுக்க இறங்கியே போக வேண்டும். ஓரிடத்தில் தொங்கி மேலேறினாலும் ஒயில் அங்கே நிற்கும். சம்ப்பில் (எஞ்சினின் அடி ஒயில் தட்டு) அது சேரும் துளை ஒயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், கீழே வெல்டிங் செய்திருந்தால் உங்கள் நோய் அதுதான். டர்போவின் ஒயில் வெளிவாய் நேர் கீழிலிருந்து 35 பாகைக்கு மேல் சரிந்திருக்கக்கூடாது. வீட்டைத் திருப்பிப் பூட்டும்போது இதைப் பலர் கவனிப்பதில்லை. ரப்பர் ஹோஸ் என்றால் டவுன்பைப் (டர்போவிலிருந்து இறங்கும் புகைக்குழாய்) சூட்டில் நசிந்ததா என்றும் பாருங்கள்.

வழி சரியென்றால் கிராங்க் அறை அமுக்கம். ஐட்லிங்கில் ஒயில் மூடியைத் திறந்தால் புகை தள்ளிக்கொண்டு வருகிறதா? பி.சீ.வி. அல்லது ரிங் பக்கம் போங்கள். அறைக்குள் அமுக்கம் இருந்தால் ஒயில் கீழே இறங்காது.

மூன்றாவது, உள்ளே வரும் அளவு. உங்களுடையது பால் பேரிங் டர்போ என்றால் ஒயில் வாயில் 1 மி.மீ. துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் கட்டாயம். புஷ் பேரிங்குக்கு அந்த 1 மி.மீ.யைப் போட்டால் எதிர்மாறாக ஒயில் பட்டினியில் தண்டு கருகும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு கொத்துப் புகை வந்து நின்றால் அது வோல்வ் சீல். பூஸ்டில் மட்டும் வந்தால் ரிங். வெள்ளையாக, இனிப்பு மணத்தோடு வந்தால் கூலன்ட். நீங்கள் எழுதிய விதத்தைப் பார்த்தால் இந்த மூன்றும் இல்லை.

இன்னொன்று: ஒயில் வாய்களில் சிலிக்கனோ டெஃப்லோன் நாடாவோ பூசியிருந்தால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பிய்ந்து உள்ளே போகும் ஒரு துண்டு போதும். மீண்டும் பூட்டிய பின், பெற்றோல் பம்ப் ஃபியூஸையும் இக்னிஷனையும் கழற்றிவிட்டு, ஒயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றுங்கள். பிறகே எஞ்சினை இயக்குங்கள்.

வேஸ்ட்கேட்டுக்கு 0.5 பார் ஸ்பிரிங் போட்டிருக்கிறேன். 4500 வரை 0.5 நிற்கிறது, 6500இல் 0.9 காட்டுகிறது. பூஸ்ட் கன்ட்ரோலர் இல்லை.
– வாசகர், கிருலப்பனை

வேஸ்ட்கேட் துவாரம் போதவில்லை. எக்ஸோஸ்ட்டைப் பெரிதாக்கியதும் டர்பைன் வழியே புகை எளிதாகப் பாய்கிறது, சிறு துவாரம் மிச்சத்தைக் கடத்திவிட முடியாமல் திணறுகிறது. முதலில் குச்சியால் வேஸ்ட்கேட் கதவை முழுக்கத் திறந்து பாருங்கள், டவுன்பைப் ஃபிளேஞ்சில் முட்டுகிறதா என்று. முட்டினால் அந்த இடத்தைக் குடைந்துவிடுங்கள். முட்டவில்லையென்றால் துவாரத்தைப் பெரிதாக்க வேண்டும், கதவு விளிம்பில் 2 மி.மீ. இருக்கை மிஞ்சும்படி. அதற்கும் அடங்காவிட்டால் வெளி வேஸ்ட்கேட்தான், மெனிபோல்ட்டில் நான்கு குழாயும் சேரும் இடத்தில், புகையின் போக்கிலேயே சரித்து. செங்கோணத்தில் ஒட்டினால் காசு கரியாகும். சரிசெய்யும்வரை 4500க்கு மேல் மிதிக்க வேண்டாம். ஈ.சீ.யு.வில் 0.6 பாரில் பூஸ்ட் கட் வைத்துவிடுங்கள்.

ஒக்டேன் பூஸ்டர் போத்தல் ஊற்றினால் 92ஐ வைத்துச் சமாளிக்கலாமா?
– வாசகர், கொலன்னாவ

லேபிளில் ‘30 புள்ளி உயரும்’ என்றிருப்பது பல வேளை 3 ஒக்டேன்தான், பத்துப் புள்ளி ஒன்றுக்குச் சமம். அதுவும் சொன்ன அளவு பெற்றோலில் சரியாகக் கலந்தால். ஒருநாள் ஊற்ற மறந்தால் எஞ்சின் போகும் என்ற நிலையில் ஒரு காரை டியூன் செய்வது நல்லதல்ல.

டர்போ பூட்டினால் பதிவு, காப்புறுதி, புகைப் பரிசோதனை என்னாகும்?
– வாசகர், நுகேகொட

எஞ்சின் மாறாமல் டர்போ மட்டும் ஏறினால் எஞ்சின் இலக்கம் பதிவுச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கும். எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இலக்கத்தைத் திருத்தியே ஆகவேண்டும். வாங்கும் அன்றே கடையின் பற்றுச்சீட்டையும் எஞ்சின் இறக்குமதியான சுங்க ஆவணத்தின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். பிறகு போனால் கடைக்காரர் மறந்திருப்பார். விற்கும் நாளில் இலக்கம் பொருந்தாத காரை யாரும் தொடமாட்டார்கள்.

காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் அறிவித்து, ஏற்றுக்கொண்ட கடிதத்தையும் வாங்கி வையுங்கள். சொல்லாமல் விட்ட மாற்றம் நட்டஈட்டை மறுக்கக் காரணமாகும்.

வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் வரும் புகைப் பரிசோதனையில் பெற்றோல் காருக்குப் பார்ப்பது காபனோரொட்சைட்டும் ஹைட்ரோகாபனும். கார் நின்ற நிலையில்தான் அளப்பார்கள், அங்கே பூஸ்ட் இல்லை. ஆகவே டர்போவால் தோற்பதில்லை, ஐட்லிங் மெப்பை அரைகுறையாக விட்டதால் தோற்கிறார்கள். ஐட்லிங்கிலும் 2500இலும் விகிதம் 14.7இல் நிற்கும்படி செய்து, கட்டலிட்டிக் கொன்வேர்ட்டரை வைத்துக்கொண்டு, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் போங்கள். வெளியே வரிசையில் காத்திருக்கும்போது எஞ்சினை அணைக்காதீர்கள், கொன்வேர்ட்டர் குளிர்ந்துவிடும்.

புளோ-ஓஃப் வோல்வ் நல்ல சத்தமாக வேண்டும். எது வாங்கலாம்?
– வாசகர், மருதானை

அக்சிலேற்றரை விடும்போது மிஞ்சும் பூஸ்ட் காற்றை விடுவிக்கும் வோல்வ் அது. சத்தத்துக்கு மட்டும் என்றால் எதுவும். உங்கள் காரில் காற்றளவுச் சென்சர் டர்போவுக்கு முன்னால் இருந்தால், வெளியே ஊதும் வகை வேண்டாம். அளந்த காற்றை வெளியே விட்டபின்னும் ஈ.சீ.யு. அதற்கான பெற்றோலை ஊற்றும், கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் எஞ்சின் இருமும். மெப் சென்சர் (இன்டேக் அமுக்கத்தை அளப்பது; மேலே சொன்ன மெப் அட்டவணை அல்ல) உள்ள காரென்றால் பிரச்சினையில்லை. ஐட்லிங்கில் மூடியபடி நிற்கும் அளவு ஸ்பிரிங் போடுங்கள்.